மார்கழிப் பனியும் வறண்ட தோலும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும் எங்கள் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை காய்ச்சலும் சளியும். அதன் பிறகு தை கடைசி வரைக்கும் வெடிப்பு, அரிப்பு, வெள்ளை பூத்த கால். மேட்டுப்பாளையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். கோத்தகிரி, குன்னூரிலிருந்து இறங்கி வருகிறவர்கள், காரமடைப் பக்கத்து விவசாயிகள், உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் என எல்லாரும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது அரை நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில்கள் அவை. அதனால் எழுதிவைக்கிறேன்.

மார்கழி வந்தா மட்டும் கால் ஏன் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடுதுங்க?

நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறதே, அதைக் கேட்கிறீர்கள். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்புப் பசை சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்தது அந்தச் சாந்து. உடம்புக்குள் இருக்கும் ஈரம் வெளியே ஆவியாகாமல் அதுதான் காக்கிறது.

குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைப் பிடித்து வைக்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். மழைக்காலம் போன பிறகு வீசும் வறண்ட காற்று, கிடைக்கும் இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். காயப்போட்ட துணி வெயில் இல்லாமலே காய்வது இதனால்தான். தோலுக்கும் அதுவேதான் நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. எனவே அங்கேதான் முதலில் வெடிக்கும். முகத்தில் சுரப்பிகள் அதிகம் என்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வயதாக ஆக இந்தச் சாந்து மெலிகிறது. அறுபதைத் தாண்டியவர்கள் பனிக்காலத்தில் அதிகம் சொறிவதற்கு இதுதான் காரணம். சுத்தம் போதவில்லை என்று வீட்டில் யாரும் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

தண்ணி நிறைய குடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?

தாகத்துக்குக் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, வயதானவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்கு வெதுவெதுப்பாக சீரகத் தண்ணீரோ ரசமோ கொடுத்துக்கொண்டே இருப்பது நல்லது. ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் மேற்கொண்டு இரண்டு லிட்டர் குடித்தால் கால் வெடிப்பு ஆறிவிடாது. ஓட்டைப் பானையில் மேலும் மேலும் ஊற்றுவதைப் போன்றது அது. அடைக்க வேண்டியது ஓட்டையை. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், தோலுக்காக அதை மீறவே கூடாது.

நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்துனாத்தான் குளிர் போகுது. அது தப்பா?

தோல் வறள்வதற்குக் குளிரைவிட நம் குளியல்தான் பெரிய காரணம். இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவர் குளிக்கும் முறையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தை எப்படிக் கழுவுகிறோம்? சுடுதண்ணீர், சோப்பு, தேய்க்க நார். பனிக்காலத்தில் நம் காலையும் அதே முறையில்தான் கழுவுகிறோம். மேலடுக்கில் இருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பும் போய்விடுகிறது. குளித்து வந்த பத்து நிமிடத்தில் தோல் இழுக்கிறது, அரிக்கிறது. அரிக்கிறதே என்று சாயங்காலம் இன்னொரு முறை சுடுதண்ணீர் ஊற்றுகிறோம். ஊற்றும்போது சுகமாக இருக்கும், இரவெல்லாம் அரிக்கும்.

கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். குழந்தைக்குத் தண்ணீர் விளாவுவோமே, அந்தச் சூடு. நேரம் ஐந்து முதல் பத்து நிமிடம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கைகால்களுக்கும் முதுகுக்கும் வியர்வையோ மண்ணோ படாத நாளில் வெறும் தண்ணீரே போதும். பீர்க்கங்காய் நாரைத் தை முடியும் வரை தொடாதீர்கள். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுங்கள்.

மார்கழி விடியலில் நான்கரை மணிக்குக் குளித்துக் கோலம் போட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் மாலையில் மறுபடி குளிக்க வேண்டியதில்லை. கைகால், முகம் கழுவினால் போதும்.

எந்த சோப்பு வாங்கறது, அக்கா?

உறையைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் குளியல் சோப்பின் உறையில் அதன் தரமும் மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். டி.எஃப்.எம். என்று குறிப்பிடுவது அதைத்தான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரச் சோப்பில் குறைந்தது 76, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60 சதவீதம் இருக்க வேண்டும். ‘குளியல் கட்டி’ என்ற வகைக்கு 40 சதவீதமே போதும். விளம்பரத்தில் வரும் பூவையும் பழத்தையும் பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண் உயர்ந்திருந்தாலும் சோப்பு சோப்புதான், காரம்தான். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5 அளவில் இருக்கும் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரணச் சோப்பு 9, 10 வரை போகும். ரொம்பவும் வறண்ட தோலுக்குச் சோப்பில்லாத கழுவும் கட்டியோ திரவமோ நல்லது. சிண்டெட் என்று கேளுங்கள். நுரை குறைவாக வரும், அழுக்கு போகவில்லையோ என்று தோன்றும். போயிருக்கும். கிருமிநாசினி சோப்பு பனிக்காலத்தில் தேவையே இல்லை. போர்வெல் உப்புத்தண்ணீர் உள்ள வீடுகளில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலில் படிந்துவிடும். கடைசியாக இரண்டு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

கடலை மாவு, பயத்த மாவு?

சோப்பைவிட மென்மையானவைதான், நைஸாகச் சலித்திருந்தால். ஆனால் அவையும் எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் தேய்த்த உடம்புக்குப் போடுங்கள். வறண்ட காலில் வெறுமனே தேய்க்க வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு கலப்பதை விட்டுவிடுங்கள். வெடித்த தோலில் எரியும். சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கருத்துப்போகும், கொப்பளிக்கவும் செய்யும்.

தேங்காண்ணெய் போதுமா, இல்ல க்ரீம் வாங்கணுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். கடைக்காரி நான் இதைச் சொல்லும்போது சிலர் நம்புவதில்லை. 2004 இல் பிலிப்பைன்ஸில், காலில் வறட்சி இருந்த 34 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப்பேர் தேங்காய் எண்ணெயும், மற்றவர்கள் மினரல் ஆயிலும் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) தினம் இரண்டு வேளை இரண்டு வாரம் தடவினார்கள். இரண்டும் சமமாகவே வேலை செய்தன. பனிக்காலத்தில் எண்ணெய் உறைந்திருக்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு, கலப்படம் என்று பயப்படாதீர்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும்.

எல்லா எண்ணெயும் ஒன்றில்லை. ஆலிவ் எண்ணெய் ஒசத்தி என்று பணம் கொடுத்து வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2013 இல் வெளியான ஆய்வில், அது தோலின் மேலடுக்கை வலுவிழக்கச் செய்வதாகவும் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை என்றும் கண்டார்கள். ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் மிக அதிகம். அதுவே காரணம். அதைச் சமையலில் ஊற்றிக்கொள்ளுங்கள், காலில் வேண்டாம்.

எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும், ஈரத்தைக் கொண்டுவராது. அதனால் எப்போது தடவுகிறோம் என்பது எதைத் தடவுகிறோம் என்பதைவிட முக்கியம். குளித்து, ஒற்றியெடுத்து, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். குளியலறைக்கு உள்ளேயே கிண்ணத்தை வைத்துக்கொண்டால் இது தானாக நடக்கும். உடுத்தி, தலை துவட்டி, காபி குடித்த பிறகு காய்ந்த தோலில் தடவும் எண்ணெய் பளபளப்பைத் தரும், பலன் பாதிதான்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளிசரினோ யூரியாவோ உள்ள க்ரீம். இவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். யூரியா என்றதும் வயலுக்குப் போடுவதா என்று முகம் சுளிப்பார்கள். நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள் அது. உடம்புக்கு 5 முதல் 10 சதவீதம் போதும். புண்ணாகியிருக்கும் இடத்தில் எரியும், அங்கே போடாதீர்கள். பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாஸ்லின் வகை, பூட்டுவதில் எல்லாவற்றையும் மிஞ்சும். 1872 இல் காப்புரிமை பெற்ற பொருள். இன்னும் அதற்கு ஈடானது வரவில்லை என்பது என் எண்ணம். பிசுபிசுக்கும் என்பதால் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் ஜெல்லியும் ஊறிய வேட்டி, நைட்டி, போர்வை வேகமாகத் தீப்பிடிக்கும். தடவிய கையோடு அடுப்படிக்கோ விளக்கு வரிசைக்கோ போகும்போது கவனம் வேண்டும். வயதானவர்கள் பாதத்தில் எண்ணெயோடு நடந்தால் வழுக்கும். படுக்கையில் உட்கார்ந்து தடவி, காலுறை போட்டுக்கொண்டு படுக்கட்டும்.

தடவுறேன் தடவுறேன், ஒண்ணும் ஆகலையே?

எவ்வளவு தடவுகிறீர்கள்? ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை க்ரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குத்தான் வரும். ஒரு காலுக்கு 6 விரல் அளவு, அதன் பாதத்துக்கு 2. இரண்டு காலுக்கும் சேர்த்து 16, அதாவது 8 கிராம். ஒரு நாளைக்கு ஒரு வேளை தடவினாலே 50 கிராம் ட்யூப் ஆறு நாளில் தீர வேண்டும். அதை இரண்டு மாதம் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். விலையுயர்ந்த க்ரீமைச் சிக்கனமாகத் தடவுவதைவிட மலிவானதைத் தாராளமாகத் தடவுவதே தோலுக்கு நல்லது. கடைசியில் செலவும் குறையும்.

பித்தவெடிப்புக்கு என்ன செய்யறது? ரத்தமே வருதுங்க.

பித்தம் ஏறியதால் வருவதில்லை. குதிகாலில் தோல் தடித்து, வறண்டு, உடம்பின் பாரம் தாங்காமல் பிளக்கிறது. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நாளெல்லாம் நிற்பது, பின்பட்டை இல்லாத செருப்பு, எடை எல்லாமே காரணம். மண்டியில் ஈர மண்ணிலும் சாக்கிலும் நிற்கிறவர்களுக்கு வெடிப்பு ஆழமாகவே இருக்கும்.

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கால் ஊறட்டும். உப்பு வேண்டாம், அது இன்னும் வறட்டும். நுரைக்கல்லாலோ (பியூமிஸ் கல்) சொரசொரப்பான கல்லாலோ மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, தடித்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே நாளில் முடித்துவிட நினைக்க வேண்டாம். பிளேடு, கத்தி எதையும் எடுக்காதீர்கள். துடைத்து, 20 சதவீதத்துக்கு மேல் யூரியா உள்ள களிம்பைத் தடித்த விளிம்பில் தடவுங்கள். ரத்தம் வரும் பிளவுக்குள் வாஸ்லின் மட்டும். பருத்திக் காலுறை போட்டுத் தூங்குங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்வதில்லை. நரம்பு பாதித்த காலில் வியர்வை குறையும், அதனால் பாதம் வறளும். வலி தெரியாது, அதனால் பிளவு ஆழமாவதும் தெரியாது. தண்ணீரின் சூடும் தெரியாது. கால் ஊறவைக்க வேண்டாம், கல் வேண்டாம். தினமும் ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பாதத்தைப் பாருங்கள், முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். மேலும் கீழும் க்ரீம் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பிளவில் நீர் கசிந்தாலோ, சிவந்தாலோ, கருத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு பனிக்கால வெடிப்பைச் சாதாரணமாக நினைத்து விரலை இழந்தவரை எனக்குத் தெரியும். அவர் இப்போதும் எங்கள் கடைக்கு வருகிறார்.

உதடு?

நாக்கால் நக்குவதை நிறுத்துங்கள். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். வெண்ணெய், நெய், வாஸ்லின் எது கையில் இருக்கிறதோ அதைத் தடவுங்கள். புதினா, கற்பூரம் கலந்து குளுகுளுவென்று இருக்கும் உதட்டு மருந்துகள் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். வாயோரம் மட்டும் விடாமல் வெடித்தால் அது பனியால் வந்ததாக இருக்காது.

பாத்திரம் கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடிச்சுப்போச்சு.

பெண்களின் கைதான் பனிக்காலத்தின் முழுத் துன்பத்தையும் வாங்குகிறது. சாம்பல் போய்ச் சபீனாவும் பாத்திரக் கட்டியும் வந்த பிறகு கைக்கு ஓய்வே இல்லை. கையுறை போடுங்கள், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் இருந்தால் அது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பூண்டு உரிப்பது, புளி கரைப்பது, வெங்காயம் அரிவது எல்லாமே வெடித்த விரலுக்கு ஆகாது. அந்த இரண்டு மாதம் வீட்டு ஆண்கள் பாத்திரம் கழுவட்டும். எந்தக் களிம்பைவிடவும் அது சீக்கிரம் குணமாக்கும்.

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

தேய்க்கலாம், தேங்காய் எண்ணெய் நல்லது. இதமாக வருடுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய்விடும். கடலை மாவு, பவுடர் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகையை விட்டுவிடுங்கள் என்று பாட்டிமார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். துண்டால் துடைத்தாலே தலை காயும். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, குழந்தை தூங்காமல் சொறிந்தால் அது கரப்பானாக இருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

ராத்திரியில அரிப்பு தாங்கலை. ஏதாவது ஒரு ட்யூப் குடுங்க.

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்பேன். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, இரவில் அதிகம் என்றால் அது சிரங்கு. மிக நுண்ணிய பூச்சியால் வருவது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் போகும். வட்டமாக, விளிம்பு மட்டும் சிவந்து பரவுகிறதா? படர்தாமரை. முழங்கையிலும் முழங்காலிலும் தடித்து வெள்ளிச் செதிலாக உதிர்கிறதா? சொரியாசிஸாக இருக்கலாம், அது பனியில் அதிகமாகும். சின்ன வயதிலிருந்தே கெண்டைக்கால் மீன்செதில் மாதிரி இருக்கிறதென்றால் அது பிறவியிலேயே வருவது.

இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் மக்கள் கேட்பது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டே நாளில் கேட்டதாம். கேட்கும், ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். படர்தாமரை அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் கோடு கோடாகப் பிளக்கும். அந்தக் கோடு பிறகு மறையாது. 2018 முதல் பல ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருக்கின்றன. நான் ‘இல்லை’ என்று சொல்லும்போது கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். உங்கள் தோலுக்காகத்தான் சொல்கிறேன்.

பனியில எதுக்குங்க சன்ஸ்கிரீன்?

குளிர் இருந்தாலும் நண்பகல் வெயில் நம் ஊரில் உறைப்பாகத்தான் இருக்கிறது, நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே குளுகுளுவென்று சுற்றிவிட்டு முகம் கருத்து இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும்.

மலையில கரி அடுப்புல காலைக் காட்டிக் காயறோம். தோலுக்கு ஒண்ணும் இல்லையே?

ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நாளில் தீ காயாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். தினமும் ஒரே இடத்தில் சூடு பட்டால் வலைப்பின்னல் போலக் கருமை விழும். அது வெறும் நிறமாற்றம் இல்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே புற்று வரக்கூடும். காஷ்மீரில் காங்கிரி என்ற கனல் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அப்படி வருவது நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் அறிந்தது. விரல் சிவந்து வீங்கி அரித்தால் நேராகத் தீயில் காட்டாமல் கம்பளிக்குள் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். கரி அடுப்பு இருக்கும் அறையின் கதவை அடைக்கவே கூடாது, புகை தெரியாமலே உயிரைப் பறிக்கும். கம்பளி நேராகத் தோலில் உராய்ந்தால் அரிக்கும், உள்ளே பருத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

பொண்ணு கனடாவுல இருக்கா. இங்கிருந்து என்ன அனுப்பலாம்?

பாசத்துக்கு எண்ணெய் அனுப்புங்கள். ஆனால் அங்கே சிக்கல் வீட்டுக்குள். வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மார்கழி கோவையைவிடப் பல மடங்கு வறட்சி. படுக்கையறையில் ஈரப்பதமூட்டி வைத்து 30 முதல் 40 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் அளவு கூடிவிட்டது, பூஞ்சை வரும். வெளியே போகும் முன் முகத்துக்குத் தண்ணீரான லோஷன் போதாது, கெட்டியான க்ரீம் வேண்டும். பனித்தரை புற ஊதாக்கதிரைப் பெருமளவு திருப்பி அடிக்கும், அதனால் சன்ஸ்கிரீனும்.

தை முடிஞ்சா நிறுத்திடலாமா?

மாசியில் காற்று இன்னும் வறண்டுதான் இருக்கும், தொடருங்கள். பங்குனியில் வியர்க்கத் தொடங்கியதும் வாஸ்லினை எடுத்து வைத்துவிட்டு மெல்லிய லோஷனுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் வேர்க்குரு வரும். அந்த வெயிலிலும் தோல் வறண்டே இருந்து, உடம்பெல்லாம் அரித்து, சோர்வும் முடி கொட்டுதலும் சேர்ந்து வந்தால் என்னிடம் க்ரீம் கேட்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.